சந்தேகிக்கப்பட்டவனின் கண் வழியே

ராமேசுவரத்து அப்துல் கலாம் 1982-இல் ஹைதராபாத் காஞ்சன்பாக்கிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று, தேசத்தின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை வகித்த ஏறக்குறைய அதே காலத்தில், அதே ஆந்திர மாநிலத்தின் குண்டூரில், பிழைப்பை நாடிச் சென்றிருந்த மற்றொரு தமிழர், தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி போலீஸ் லாக்கப்பில் அடித்து வதைக்கப்பட்டார். முன்னவரின் சரித்திரத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள், பின்னவரான மு. சந்திரகுமாரோ, தாம் பட்டதைத் தாமே 'லாக்கப்' என்ற நூலாக எழுத வேண்டியிருந்தது. கோவையில் ஆட்டோ ஓட்டியவர் எழுதிய அந்நூலை ஆதாரமாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை', 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை வழங்கும் விருதைப் பெற்றது.

இப்படத்தைப் போன்ற குற்றக் கதைகளில் அந்நியர்களுக்கும் சிறுபான்மையோருக்கும் என்ன ஸ்தானம் அளிக்கப்படுகிறது என்ற விவாதம், அவ்வகைக் கதைகளுக்குப் பெயர்பெற்ற ஸ்காண்டிநேவிய நாடுகளில் வெகுவாக நடந்துவருகிறது. 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதிய மாய் ஷோவால், பெர் வாலோ என்ற சுவீடன் எழுத்தாளர் இருவர், குற்றத்தின் மூலத்தைத் தனி மனிதனின் துர்க்குணத்தில் தேடாமல் சமுதாய அமைப்பிலேயே தேடும் மரபுக்கு வித்திட்டார்கள். அம்மரபில் வந்த 'டிபார்ட்மென்ட் கியூ' என்னும் டென்மார்க் படவரிசையில், பெய்ரூத்தில் பிறந்து சுவீடனில் குடியேறிய ஃபாரெஸ் ஃபாரெஸ், அசாத் என்ற உதவியாளராக நடித்திருக்கிறார். புத்திக்கூர்மையும் பரிவும் மிகுந்த பாத்திரம். ஆயினும், கதையின் நாயகன் டேனிஷ் அதிகாரிதான். அசாத் அவருடைய துணைவர். இது முன்னேற்றமே என்பதை மறுக்கவில்லை. ஆனால் பூரணமான பிரதிநிதித்துவம் என்று என்னால் ஏற்க இயலவில்லை.

'விசாரணை' அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. வாடகை கொடுக்க வழியின்றிப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ்த் தொழிலாளர் நால்வரை, பெரிய இடத்துத் திருட்டு வழக்கு ஒன்றை எப்படியாவது முடித்துத் தீர வேண்டிய நெருக்கடியிலிருக்கும் போலீசார் பிடித்துக்கொண்டு போகும்போது, என்ன குற்றம், யார் செய்தது, ஏன் தங்களை அடிக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒன்றும் விளங்காதது போலவே நமக்கும் விளங்குவதில்லை. ஏனெனில் படத்தின் கண் அவர்களுடைய கண்ணாகவே இருக்கிறது. நீதிமன்றத்தில் அவர்கள் சொல்வதை நீதிபதிக்குத் தெலுங்கில் எடுத்துரைக்க, வேறு காரியமாக அங்கே வந்திருந்த தமிழக அதிகாரி முத்துவேல் தற்செயலாக வாய்த்திராவிட்டால் அந்நிரபராதிகளின் கதி என்னவாகியிருக்கும்! சமுத்திரக்கனி தேசிய விருது பெற்றது அந்த முத்துவேல் வேஷத்துக்காகத்தான்.

இதோடு படம் நின்றிருந்தால், தெலுங்கரால் தமிழர் பட்ட துன்பம் என்ற குறுகிய அபிமானத்தில் போய் முடிந்திருக்கும். ஆனால் விடுதலையாகிச் சென்னைக்கு வந்தவர்கள், சொந்த மண்ணிலேயே, தமிழ் பேசும் போலீசாரின் கையாலேயே மடிகிறார்கள். ஏழை என்ற ஒரு காரணமே எந்த ஊரிலும் ஒருவனைச் சந்தேகத்துக்கு உரியவனாக்கப் போதும் என்பதை இதைவிடத் தீவிரமாகச் சொன்ன தமிழ்ப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பெண்களுக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது மெய்யான குறை.

அன்று நம்மவர் குண்டூருக்குப் போனது போல இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வந்து உழைக்கிறார்கள். எங்கேனும் திருட்டு நடந்தால் முதலில் அவர்கள்மீதே சந்தேகம் விழுகிறது. அவர்களில் ஒருவர் தம் அனுபவத்தை எழுத முன்வந்தால், அதை வெளியிடப் பதிப்பாளரும், படமாக்கத் தமிழ் இயக்குநரும், பார்க்க நாமும் தயாராக இருக்க வேண்டும்.