கம்ப்யூட்டர் டேபிளுக்கும் சேருக்கும் சர்வீஸ் தேவை!

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசசர் என்ன, ராம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. உண்டா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். அதை வைக்கப் போகும் டேபிள் எதனால் ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, என்னைப் போன்ற சாப்ட்வேர் துறையினர் பலர் வீட்டின் ஒரு மூலையையே அலுவலகமாக்கிக் கொண்டோம். அன்று அவசரமாக வாங்கிய டேபிள், சேர்களில் பல இன்று ஓரம் உப்பி, தோல் உரிந்து நிற்கின்றன. வயதானது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. எல்லாப் பொருளையும் ஒரே ஈரத் துணியால் துடைத்ததும் ஒரு காரணம். பொருளுக்கு ஏற்ற பராமரிப்பு எது என்று பார்ப்போம்.

முதலில் செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, ஸ்பைக் பஸ்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எந்தத் திரவத்தையும் டேபிள் மீது நேராக ஸ்ப்ரே செய்யாதீர்கள். துணியில் தெளித்து, அந்தத் துணியால் துடையுங்கள். வழிந்த திரவம் கீபோர்டுக்குள்ளோ ஸ்பைக் பஸ்டருக்குள்ளோ போனால் செலவு உங்களுக்குத்தான். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிவரும்.

உங்கள் டேபிள் எந்த ரகம்?

டேபிளின் அடிப்பக்கம் அல்லது ஸ்க்ரூ ஓட்டையைப் பாருங்கள். மரச்சீவல்கள் நெருக்கி ஒட்டியதுபோல் தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டு. மாவுபோல நைசாக, பழுப்பாக இருந்தால் எம்.டி.எப். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். மேற்பரப்பில் உள்ள மரக்கோடு ஓரத்திலும் தொடர்ந்தால் அசல் மரம். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே அமைகிறது.

பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எப்.பும்

குறைந்த விலை டேபிள்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மேலே ஒட்டிய ஷீட் தண்ணீரைத் தாங்கும். உள்ளே இருக்கும் போர்டு தாங்காது. ஓரம், ஸ்க்ரூ ஓட்டை, கேபிள் செல்லும் துளை ஆகிய இடங்களில்தான் ஈரம் நுழைகிறது. ஒருமுறை உப்பிய போர்டு காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. உப்பிய இடத்தில் ஸ்க்ரூவும் பிடிக்காது.

நண்பர் ஒருவரின் வீட்டில் டேபிளின் மேற்பகுதி புதிதுபோல் இருந்தது. கால்கள் மட்டும் கீழே இரண்டு அங்குலத்துக்கு உப்பியிருந்தன. தினமும் தரையை ஈர மாப் போட்டுத் துடைத்ததன் பலன் அது. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு ரப்பர் புஷ் வைத்திருந்தால் டேபிள் தப்பியிருக்கும். ஹார்டுவேர் கடையில் குறைந்த செலவில் கிடைக்கும். ஓரப்பட்டி பிரிந்திருந்தால் உடனே ஒட்டி விடுங்கள். கார்பென்டர்கள் மைக்கா ஒட்டும் ரப்பர் பசை இதற்கு ஏற்றது.

சுவருக்கும் டேபிளுக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். சுவரில் கரையான் மண்கோடு தெரிகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் எளிது.

மைக்கா ஷீட்

நாம் சன்மைக்கா என்று சொல்லும் லேமினேட்டுக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் பழைய உறவு உண்டு. 1912-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் இருந்த ஓ'கானர், ஃபேபர் என்ற இருவர், மின் இன்சுலேஷனுக்குப் பயன்பட்ட மைக்கா கனிமத்துக்கு மாற்றாக இதை உருவாக்கினார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில்தான் ஃபார்மைக்கா என்ற பெயர் வந்தது. பிசினில் ஊறிய காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குவதுதான் இதன் தயாரிப்பு முறை. பழைய ரேடியோக்களில் இருக்கும் பழுப்பு நிற சர்க்யூட் போர்டும் இதே குடும்பம்தான்.

தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். பேனா மைக் கறைக்குப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் போதும். ஸ்டீல் ஸ்கிரப்பர் வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு தங்கிவிடும்.

அசல் மரம்

தேக்கு டேபிள் வைத்திருப்பவர்களுக்கு முக்கிய எச்சரிக்கை: சானிடைசர் பாட்டிலை அதன் மேல் வைக்காதீர்கள். பழைய முறை ஃபிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சானிடைசரில் 75 முதல் 80 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கிறது. சொட்டு விழுந்தால் பாலிஷ் மீண்டும் கரைந்து திட்டு விழும். சூடான டீ டம்ளர் வெள்ளை வளையம் போடும். லேப்டாப்பின் அடிச்சூட்டுக்கும் ஒரு ஸ்டாண்ட் வைப்பது நல்லது. அன்றாடம் உலர்ந்த மென்துணி போதும். ஆண்டுக்கு ஓரிரு முறை மெழுகு பாலிஷ் போடலாம்.

கண்ணாடி மேஜை

கண்ணாடி க்ளீனரைத் துணியில் தெளித்துத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அதே க்ளீனரால் மானிட்டர் ஸ்கிரீனைத் துடைக்காதீர்கள். அமோனியா, ஆல்கஹால் கலந்தவை ஸ்கிரீன் மேல் உள்ள கோட்டிங்கைக் கெடுக்கலாம். டஃபன் செய்த கண்ணாடிக்கு ஓரம்தான் பலவீனம். ஓரத்தில் பட்ட அடி, பிறகொரு நாள் முழுக் கண்ணாடியையும் நொறுக்கலாம். ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் அதை மாற்றி விடுங்கள். தெளிந்த கண்ணாடியில் சாதாரண ஆப்டிகல் மவுஸ் ஓடாது. மவுஸ் பேட் போட்டுக் கொள்ளுங்கள்.

ஸ்டீல் டேபிள்

பவுடர் கோட்டிங் உள்ளவரை துரு வராது. கீறல் விழுந்தால், அதிலும் கடலோர ஊர்களில், துரு விரைவில் பரவும். உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே எனாமல் பெயின்ட் தொட்டு விடுங்கள்.

இதைவிட முக்கியமானது மின்சாரம். பவர் கேபிள் ஸ்டீல் ஓரத்தில் நசுங்கி, மேலுறை கிழிந்தால் டேபிள் முழுவதும் ஷாக் அடிக்கும். கேபிள் செல்லும் துளைகளில் ரப்பர் வளையம் பொருத்துங்கள். டேபிளையோ கேபினெட்டையோ தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறதா? அதை அலட்சியம் செய்யாமல், எலெக்ட்ரீசியனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதியுங்கள்.

சேர்

லெதர்போல் தெரியும் பல சேர்களில் இருப்பது துணிமேல் பூசிய பி.யு. எனப்படும் பாலியூரிதேன். காற்றின் ஈரப்பதமே இதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. வியர்வையும் தலை எண்ணெயும் நிலைமையை மோசமாக்கும். சானிடைசரும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். உரியத் தொடங்கினால் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் சேரைத் தூக்கி எறிய வேண்டாம். குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து வேறு துணி போட்டுக் கொள்ளலாம். புதிதாக வாங்குபவர்கள், நம் ஊர் வெயிலுக்கு வலை முதுகுள்ள சேரைப் பார்க்கலாம். வாக்குவம் க்ளீனர் பிரஷ்ஷே அதற்குப் போதும்.

சக்கரம் ஓடவில்லை என்றால் உள்ளே தலைமுடி சுற்றியிருக்கும். சேரைக் கவிழ்த்து, கத்தரித்து எடுங்கள். முதுகும் கையும் இணையும் போல்ட்டுகளை ஆலன் கீயால் இறுக்குங்கள்.

உயரம் கூட்டும் குழாய்க்குள் மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. அதைத் துளையிடவோ வெட்டவோ சூடாக்கவோ கூடாது. உட்கார்ந்ததும் சேர் தானாகக் கீழே இறங்கினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். ரிப்பேர் செய்ய முயலாமல் புதிய குழாயை மெக்கானிக்கைக் கொண்டு மாற்றுங்கள்.

எப்போது எதைச் செய்யலாம்?

தினமும்: உலர்ந்த துணியால் தூசு தட்டுதல்.
வாரம் ஒருமுறை: பொருளுக்கு ஏற்ற ஈரத்துடைப்பு.
மாதம் ஒருமுறை: சேர் சக்கரங்கள், கேபிள்கள்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை: எல்லா ஸ்க்ரூக்களும், கால் புஷ்களும், டேபிளின் பின்பக்கமும்.

பழைய பனியன் துணி இரண்டு, பாத்திர லிக்விட் சில சொட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஆலன் கீ. இவ்வளவுதான் தேவை. வரும் ஞாயிற்றுக்கிழமை டேபிளின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். எந்த ரகம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.