பாடத் தெரிந்தால் போதுமா? பிடிக்க வேண்டாமா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் சுமார் அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் தங்கம் விலை முதல் தமிழக பட்ஜெட் வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவிடும் ஒரு கோஷ்டி உண்டு. மில் ஆபீஸ், பாங்க், கோர்ட் குமாஸ்தா என்று சகலமும் அதில் அடக்கம். கபடி சீசன் வந்துவிட்டால் அவர்களுக்கு ஒரே கேள்விதான்.

"இந்த வருஷம் ரெய்டு பாயின்ட்ல நம்ம தமிழ் தலைவாஸ் முதலிடத்துக்கு வருமா, வராதா?"

"வந்தாக்க கோப்பை நமக்குத்தான் மாப்ளே!" என்கிறார் மில் நண்பர்.

நான் பி.காம். கேட்டதும் காலரைப் பிடித்து நிறுத்துகிறது ஒரு சந்தேகம். விற்பனையில் முதலிடம் என்றால் லாபத்திலும் முதலிடம் என்று யார் சொன்னது?

பழைய பேரேட்டைப் புரட்டுவோம். புரோ கபடி லீக் தொடங்கியது 2014-ல். தலைவாஸ் வந்து சேர்ந்தது 2017-ல், 5-வது சீசனில். அந்த சீசனில் பாட்னாவின் பர்தீப் நர்வால் 369 ரெய்டு பாயின்ட் குவித்தார். கோப்பையும் பாட்னாவுக்கே போனது. அடுத்த சீசனில் பெங்களூருவின் பவன் ஷெராவத் 271, கோப்பையும் பெங்களூருவுக்கு. 'பார்த்தீங்களா?' என்று மில் நண்பர் மீசையை முறுக்கலாம். அவசரப்படாதீங்க சார், அடுத்த பக்கத்தையும் பாருங்க.

2019-ல் அதே பவன் 346 எடுத்தார். ஒரே மேட்ச்சில் மட்டும் 39! ஆனால் பெங்களூரு அரையிறுதியிலேயே மூட்டை கட்டியது, கோப்பை பெங்காலுக்கு. 8-வது சீசனிலும் பவன்தான் டாப், 304. கோப்பை டெல்லிக்கு. 2022-ல் ஜெய்ப்பூரின் அர்ஜுன் தேஷ்வால் 296 எடுத்தார், ஜெய்ப்பூர் ஜெயித்தது. 10-வது சீசனில் டெல்லியின் ஆஷு மாலிக் முதலிடம், கோப்பை புனேவுக்கு. 11-வதில் பாட்னாவின் தேவாங்க் 301, கோப்பை ஹரியானாவுக்கு.

ஆக ஏழு சீசனில் டாப் ரெய்டரின் டீம் ஜெயித்தது மூன்று, கோட்டை விட்டது நான்கு. பூவா தலையா போட்டாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்!

அந்தக் கடைசி இரண்டு சாம்பியன்களில், புனேயிலும் சரி ஹரியானாவிலும் சரி, ஒரே ஆள் இருந்தார்: ஈரான்காரர் முகமதுரெசா ஷாட்லூயி. பிடிக்கிற ஆள்!

காரணம் எளிது. பாடி வருகிறவனைப் பிடித்தால் கிடைப்பது ஒரு பாயின்ட்தான். ஆனால் எதிராளியின் விற்பனைப் பிரதிநிதி வெளியே போய் பெஞ்சில் உட்காருகிறான். வெளியே உட்கார்ந்திருந்த நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே வருகிறான். வரவு ஒரு பக்கம், செலவு மிச்சம் இன்னொரு பக்கம். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்துவிட்டால் இரண்டு பாயின்ட். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு போனஸ் கிடைப்பது கபடியில் மட்டும்தான்!

நம்ம தலைவாஸ் கதையையே எடுங்களேன். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி என்று இரண்டு ரெய்டு ஜாம்பவான்கள். கிடைத்த இடம்? 12 டீம்களில் 12-வது. 2022-ல் பவனை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். முதல் மேட்ச்சிலேயே காயம், சீசனே முடிந்தது. ஒப்பாரி வைத்திருக்க வேண்டிய வருஷம். ஆனால் நரேந்தர் என்ற புதுப் பையன் பாடினான், சாகரும் சாஹிலும் கார்னரில் நின்று காலைக் கவ்வினார்கள். முதல் முறையாக அரையிறுதி! புனேயிடம் 39-37, இரண்டே பாயின்ட்டில் போச்சு. 2025-ல் மறுபடியும் அர்ஜுன், பவன் என்று இரண்டு பெரிய ரெய்டர்கள். கோப்பை வரவில்லை.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேரை இழுக்க ஆயிரம் கை வரும். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கண் அசந்தால் தேர் யார் வீட்டுத் திண்ணைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ராஜபாளையம் நாய்க்கு மரியாதையே காவலால்தான். தபால்காரரைத் துரத்துகிற ஜாதிக்கு தபால் இலாகாவே 2005-ல் ஸ்டாம்ப் போட்டதே!

இது வெறும் பொழுதுபோக்கு வாதம் இல்லை. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ராத்திரி மேட்ச் ஆடுகிற நம்ம பையன்களில் பலருக்குக் கபடிதான் போலீஸ் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வழி. மைக்கில் பேர் சொல்வது பாடி வருகிறவனுக்கு, கைதட்டல் அவனுக்கு, நூறு ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவதும் அவனுக்கு. அதனால் எல்லாப் பயல்களும் ரெய்டராகவே ஆசைப்படுகிறார்கள். முட்டி தேய்ந்து கார்னரில் நிற்கிற பையனுக்கு 'டேய், ஒழுங்காப் பிடிடா' என்ற திட்டுதான் சம்பளம். நாளைக்கு ஒரு டீம் அவனைத்தான் தேடப் போகிறது என்று யாராவது அவன் காதில் போட வேண்டாமா?

தலைவாஸ் ரெய்டு பாயின்ட்டில் முதலிடம் வரலாம், சந்தோஷம். ஆனால் அடுத்த கொடைக்கு மேட்ச் பார்க்கப் போனால், அந்த நூறு ரூபாய் நோட்டை ஒரு தடவை கார்னர் பையன் சட்டையில் குத்திப் பாருங்கள். லாபக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.