பம்பரில் துளை போடுமுன்

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் காரையோ வேனையோ பதிவுசெய்து, இலக்கத் தகடு கைக்கு வந்ததும் நம்மவர்கள் நேரே கராஜுக்குத்தான் போகிறார்கள். அங்குள்ள பையன் ட்ரில் மெஷினை எடுத்து முன் பம்பரில் இரண்டு துளை போட்டுத் தகட்டைப் பூட்டி விடுகிறான். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தத் துளை வாகனம் உள்ளவரை இருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. வாகனம் இன்று நமது முதலீட்டில் பெரும் பங்கு. நாளை விற்கும்போது, வாங்க வருபவர் பம்பரில் தேவையற்ற துளைகளைக் கண்டால் "எங்கோ இடிபட்டிருக்கிறது" என்றுதான் பேரத்தைத் தொடங்குவார். நாமும் வாங்கப் போனால் அப்படித்தானே சொல்வோம்?

உண்மையில் அந்தப் பம்பரில் துளைகள் ஏற்கனவே உண்டு. ஜப்பானியத் தகடு 330 மில்லிமீட்டர் நீளமும் 165 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதைப் பூட்ட 210 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் விடப்பட்டிருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர். நமது நீளமான தகட்டின் துளைகள் அதற்குப் பொருந்தாததால்தான் ட்ரில் மெஷின் வெளியே வருகிறது.

துளையைப் பம்பரில் போடாமல் இடையில் வைக்கும் பட்டையில் போடுங்கள். தகட்டை விடச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஓர் அலுமினியப் பட்டை போதும். அதில் ஜப்பானியத் துளைகளுக்கு இரண்டு, நமது தகட்டுக்கு இரண்டு. பட்டைக்கும் பம்பருக்கும் நடுவே ரப்பர் வொஷர் வைத்தால் பெயின்ட் உரசாது. போல்ட் ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். காத்தான்குடி, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் இரும்பு போல்ட்டின் துரு வெள்ளைத் தகட்டில் வழிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையைச் செய்விக்க நேரமில்லாதவர்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிரேம் கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் துளை இடைவெளியை அளந்து கொண்டே போங்கள்.

ஐரோப்பிய வாகனங்களில் பம்பரின் சிறு மூடியைத் திறந்தால் இழுவைக் கொக்கி பூட்டும் மரை இருக்கும். அதில் பூட்டும் பிராக்கெட்டும் உண்டு. சிலவற்றில் மரை இடது பக்கம் சுற்றும், பலவந்தமாகத் திருப்ப வேண்டாம். தகடு ஒரு பக்கமாக நிற்பதால் பொலிஸார் கேள்வி கேட்கவும் இடமுண்டு. வேறு வழியில்லாவிட்டால் மட்டும் இது.

இரட்டைப் பக்க டேப்பை நான் சிபாரிசு செய்வதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் ஒருநாள் விட்டுவிடும். தகடு தொலைந்தால் பொலிஸ் முறைப்பாடு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் என்று அலைவது நீங்கள்தான்.

கிரில்லில் கட்டுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கக்கூடாது. புதிய வாகனங்களில் இலச்சினைக்குப் பின்னாலோ கீழ் கிரில்லிலோ ரேடார் இருக்கும். அதன் முன் தகடு நின்றால் தானியங்கி பிரேக் வசதி சரிவர இயங்காது.

எப்படிப் பூட்டினாலும் ஒரு வாரம் ஓடிய பின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி விடுங்கள். நமது பாதைகளின் குலுக்கலுக்கு அவை தளரத்தான் செய்யும்.