பிரேக் இல்லாத சீட்

இந்த வாரம் டெக் பேசப் போறதில்ல. ஒரு கெண்டைக்கால் வலியைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க அப்பாவோட வலது கெண்டைக்கால். பிப்ரவரியில ஊருக்குப் போயிருந்தப்போ, ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அம்மா அவருக்குத் தைலம் தேய்ச்சு விட்டுட்டு இருந்தாங்க. என்னாச்சுன்னு கேட்டேன். "வண்டி ஓட்டுறது அவ, கால் வலிக்கிறது இவருக்கு"ன்னாங்க.

அவன்னா என் தங்கச்சி. 19 வயசு. எல்எல்ஆர் வாங்கி மூணு வாரம் ஆகியிருந்தது. தினமும் காலைல ஆறு மணிக்கு அப்பா அவளைக் கூட்டிட்டுப் போறார். திருச்சி கே.கே. நகர் தாண்டி, பிளாட் போட்டு இன்னும் வீடு வராத ஒரு இடம். அங்க நம்ம பழைய வேகன்ஆர்ல பழக்குறார். அந்த ஒரு மணி நேரமும் இடது பக்க சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, இல்லாத ஒரு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கார்.

கேட்க சிரிப்பா இருந்தது. மறுநாள் நானும் பின் சீட்ல ஏறிக்கிட்டேன். இருபது நிமிஷத்துல சிரிப்பு போயிடுச்சு.

"பாத்து... பாத்து... கிளட்ச்ச விடு, மெதுவா... பாத்தும்மா... லெஃப்ட்ல இடிக்குது பாரு..." அப்பா நிறுத்தவே இல்ல. ஒரு முனையில ராங் சைடுல ஒரு பைக் வந்தது. நல்ல தூரத்துலதான் வந்தான். அப்பா "ஏய்!"ன்னு ஒரு சத்தம் போட்டார். அவ பைக்கைப் பார்க்கல. திடுக்குன்னு அப்பா முகத்தைத் திரும்பிப் பார்த்தா. பிரேக்குக்குப் போக வேண்டிய கால் ஆக்சிலரேட்டர்ல இறங்குச்சு. கார் ஒரு எம்-சாண்ட் குவியல்ல ஏறி ஆஃப் ஆயிடுச்சு. பம்பர்ல கீறல், வேற ஒண்ணும் இல்ல. திரும்பி வரும்போது அப்பாதான் ஓட்டினார். யாரும் பேசல.

வீட்டுக்கு வந்ததும் அவ சொன்னா: "இனிமே அப்பா பக்கத்துல உட்கார்ந்தா நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்." அப்பா சட்டையைக் கழட்டிக்கிட்டே, "நானும் உட்காரல தாயே"ன்னார். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கார் கவர் போட்டே நின்னுச்சு.

இது வெறும் வீட்டுச் சண்டைன்னா விட்டுடலாம். ஆனா அப்பாவுக்கு ரெண்டு கண்லயும் புரை. ஏப்ரல்ல ஒரு கண்ணுக்கு ஆபரேஷன்னு தேதி குறிச்சாச்சு. ராத்திரி எதிர்ல வர்ற ஹெட்லைட் வெடிச்ச மாதிரி தெரியுதுன்னு ஆறு மாசமா நைட் ஓட்டுறதையே நிறுத்திட்டார். நான் சென்னையில. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. வீட்டுக்கு இன்னொரு டிரைவர் வேணும்.

அதனால நான் என் வேலையில என்ன செய்வேனோ அதையே செஞ்சேன். சிஸ்டம் ஏன் ஃபெயில் ஆச்சுன்னு உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் விஷயம், அந்த இடது சீட்டே பயத்துக்குன்னு டிசைன் பண்ணின மாதிரி இருக்கு. கார்ல போனா பயணிக்குத்தான் அதிகம் தலை சுத்தும், ஓட்டுறவருக்கு அவ்வளவா சுத்தாது. வண்டி அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும்னு ஓட்டுறவர் மூளைக்கு முன்னாடியே தெரியும். பக்கத்துல இருக்கிறவருக்குத் தெரியாது. முப்பது வருஷமா வலது சீட்ல இருந்தவரைத் தூக்கி இடது சீட்ல போட்டா, கண்ணு ஆபத்தைப் பார்க்குது, காலு தானா பிரேக்குக்குப் போகுது, அங்க பிரேக் இல்ல. பொறுப்பு முழுசா இருக்கு, கண்ட்ரோல் கொஞ்சமும் இல்ல. புரொடக்‌ஷன் சர்வர் ஆக்சஸ் இல்லாம ஆன்-கால்ல இருந்தவங்களுக்கு இது புரியும்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் மட்டும் எப்படி அவ்வளவு கூலா வெளிய வேடிக்கை பார்த்துக்கிட்டு வர்றார்? அது பொறுமை இல்லைங்க, ஹார்ட்வேர். அவர் காலடியில தனி பிரேக், தனி கிளட்ச் இருக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில அந்த டபுள் கண்ட்ரோல் இருக்கணும்னு 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லுது. அதே விதிகள்ல 3-வது விதி, எல்எல்ஆர் வெச்சிருக்கிறவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கூட இருக்கணும், அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியிற இடத்துல உட்கார்ந்திருக்கணும்னு சொல்லுது. சொந்தக் கார்ல, இடது சீட்ல இருந்து எதை வெச்சு நிறுத்துறது? நடுவுல இருக்கிற ஹேண்ட்பிரேக் ஒண்ணுதான்.

ரெண்டாவது, லேட்டன்சி. அப்பா ஒரு ஆபத்தைப் பார்த்து, புரிஞ்சு, வாயைத் திறந்து "பிரேக்"னு சொல்லி முடிக்க ஒரு நொடி ஆகுதுன்னு வைங்க. அவ அதைக் கேட்டு, எதுக்குன்னு புரிஞ்சு, காலை மாத்தி மிதிக்க இன்னொரு நொடி. மணிக்கு 30 கிலோமீட்டர்ல போற கார் ஒரு நொடியில 8 மீட்டருக்கு மேல போகும். அப்போ பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 16 மீட்டருக்கு மேல போயாச்சு. ஒரு டவுன் பஸ் நீளத்தைவிட அதிகம். அதாவது கடைசி நேரத்துல கத்துறதால காரை நிறுத்தவே முடியாது. கணக்கு ஒத்துவரல.

நிறுத்தாதது மட்டும் இல்ல, இன்னும் மோசமாக்கும். 80-கள்ல அமெரிக்காவுல ஆடி 5000 கார் தானாவே பாயுதுன்னு பெரிய சர்ச்சை நடந்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் இந்த மாதிரி புகார்களை ஆராய்ஞ்சு, 1989-ல அறிக்கை கொடுத்தது. பெரும்பாலும் காரணம் பெடல் மாறி மிதிச்சதுதான்னு சொன்னாங்க. பிரேக்கைத்தான் மிதிக்கிறோம்னு நம்பிக்கிட்டே ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்காங்க. அவங்க அனுபவம் உள்ள டிரைவர்கள். பழகி மூணு வாரம் ஆன பொண்ணு காதுக்குப் பக்கத்துல "ஏய்"னு ஒரு சத்தம் வந்தா மணல் குவியல் கிடைச்சதே புண்ணியம்.

அப்புறம் இந்த "பாத்து". அதுல தகவலே இல்ல. எதைப் பார்க்கணும்? எந்தப் பக்கம்? பிழை வந்திருக்குன்னு மட்டும் சொல்லி எந்த வரியில வந்ததுன்னு சொல்லாத எரர் மெசேஜ் மாதிரி. அப்பாவைக் குறை சொல்லவும் முடியல. அவர் எப்படி ஓட்டுறார்னு அவருக்கே சொல்லத் தெரியாது, அது அவர் உடம்புக்குள்ள போயிடுச்சு. 1972-ல மௌரன்ட், ராக்வெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் புது டிரைவர்களோட கண் எங்க போகுதுன்னு அளந்து பார்த்தாங்க. புதுசா ஓட்டுறவங்க காருக்குக் கிட்ட இருக்கிற ரோட்டையே பார்க்கிறாங்க, கண்ணாடியைக் குறைவா பார்க்கிறாங்க. பழகினவங்க கண் தூரமா போகுது. அப்போ அப்பா கண் ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கிற ஆட்டோ மேல, இவ கண் பானெட்டுக்கு முன்னாடி இருக்கிற பள்ளத்து மேல. இவ ஆட்டோவைப் பார்த்தாளா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கெண்டைக்கால்ல இறங்குது.

இதையெல்லாம் அப்பாகிட்ட ஒரு நாள் போன்ல லெக்சர் மாதிரி சொன்னேன். பொறுமையா கேட்டார். அப்புறம் நான் கேட்டேன், "எனக்குச் சொல்லிக் கொடுத்தப்போ நீங்க இப்படிப் பயப்படலையேப்பா?"

கொஞ்ச நேரம் பேசல. "நீ அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷம் பைக் ஓட்டினவன்டா. ரோடு உனக்குத் தெரியும். இவளுக்கு நான் ஸ்கூட்டியே வாங்கித் தரலையே. ஸ்கூல் வேன், காலேஜ் பஸ். இவ ரோட்டையே இப்பதான் பார்க்கிறா"ன்னார்.

அது உண்மை. நான் 17 வயசுல லைசென்ஸ் இல்லாம அப்பாவோட ஸ்பிளெண்டரை எடுத்தேன், வீட்டுக்கே தெரியும். பெருமையா சொல்லல. 16 வயசுல ஓட்ட அனுமதி 50 சிசிக்குள்ள இருக்கிற வண்டிக்குத்தான். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் செஞ்சா பெத்தவங்களுக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா எங்க தெருவுல பசங்க எல்லாம் ரோட்டைக் கத்துக்கிட்டது அப்படித்தான். தங்கச்சி சட்டப்படி, 18 முடிஞ்சு, எல் போர்டு ஒட்டி ஓட்ட வந்திருக்கா. அவளுக்கு அந்த ரெண்டு வருஷம் கிடையாது. பயந்து பயந்து ரோட்டுக்கே விடாம வெச்சிருந்தோம். இப்ப ரோடு தெரியலன்னு பயப்படுறோம். நானும் அதுல கூட்டு. ஸ்கூட்டி கேட்டப்போ "உனக்கு எதுக்கு"ன்னு சொன்னதுல ஒரு குரல் என்னுது.

"அப்போ பேசாம டிரைவிங் ஸ்கூல்ல விட்டுடலாமே"ன்னு நீங்க கேட்கலாம். விட்டோம். இருபது நாள், நாளைக்கு அரை மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரம். கியரும் கிளட்ச்சும் நல்லா சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல, 25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, பக்கத்துல ஒருத்தரை வெச்சுக்கிட்டு 120 மணி நேரம் ஓட்டி லாக்புக்ல எழுதணும். அதுல 20 மணி நேரம் ராத்திரி. 120 எங்க, பத்து எங்க.

ஏன் அவ்வளவுன்னு தேடினப்போதான் என்னை உலுக்கின விஷயம் கிடைச்சது. பல நாடுகள்ல இளம் டிரைவர்கள் விபத்தைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்காங்க. பக்கத்துல பெரியவங்க உட்கார்ந்து பழக்குற காலத்துல விபத்து ரொம்பக் குறைவு. லைசென்ஸ் வாங்கித் தனியா ஓட்ட ஆரம்பிச்ச முதல் சில மாசங்கள்லதான் சட்டுன்னு ஏறுது. அப்பா கெண்டைக்கால் வலிக்க மிதிச்ச அந்தக் காலைப் பொழுதுகள்தான் அவ டிரைவிங் வாழ்க்கையிலேயே பாதுகாப்பான நேரம். அவர் பயந்து இறங்கிட்டா, பயப்பட வேண்டிய நேரம் முன்னாடியே வந்துடும்.

இதைச் சொன்னதும்தான் அப்பா கார் கவரைக் கழட்டினார். நான் வாராவாரம் சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.

முதல்ல காரை ஒரு சுவர் ஓரமா நிறுத்தினோம். இடது சீட்ல இருந்து பார்த்தா சுவர் கதவுல உரசுற மாதிரி இருக்கு. இறங்கி டேப் வெச்சு அளந்தா ரெண்டு அடி. அப்பா ரெண்டு தடவை அளந்தார். அன்னிக்கோட "லெஃப்ட்ல இடிக்குது" பாதியா குறைஞ்சது.

அடுத்து ஹேண்ட்பிரேக். காலி இடத்துல பத்து கிலோமீட்டர் வேகத்துல அவ ஓட்ட, அப்பா நுனி பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நிறுத்திப் பழகினார். வெடுக்குன்னு இழுத்தா பின் சக்கரம் லாக் ஆகும், அதனால மெதுவா. (சில புது கார்கள்ல இது வெறும் ஸ்விட்ச். ஓடும்போது அதை அழுத்தினா என்ன செய்யும்னு மேனுவலைப் படிச்சுட்டு இறங்குங்க.) அக்சசரீஸ் கடையில ஒரு குட்டிக் கண்ணாடி வாங்கி அப்பா பக்கம் ஒட்டினோம், பின்னாடி வர்றது அவருக்கும் தெரியணும்ல.

எல்லாத்தையும்விட வேலை செஞ்சது வேற ஒண்ணு. பேசுற வேலையை அப்பாகிட்ட இருந்து பிடுங்கி அவகிட்ட கொடுத்தோம். இங்கிலாந்து போலீஸ் டிரைவர் பயிற்சியில ரொம்ப வருஷமா இருக்கிற முறை இது. ஓட்டுறவரே பார்க்கிறதை வாய்விட்டுச் சொல்லணும். "முன்னாடி ஷேர் ஆட்டோ, ஆள் ஏத்த நிக்கலாம். ரைட்ல ஸ்கூல் பையன் சைக்கிள். பின்னாடி லாரி." எங்க மொழியில சொன்னா சிஸ்டத்துக்கு லாக் ஆன் பண்ணிட்டோம். அவ பார்த்தாளா இல்லையான்னு அப்பா ஊகிக்க வேண்டியதில்ல, காதுல விழுது. அவ சொல்லாம விட்டதை மட்டும் அவர் முன்கூட்டியே சாதாரணக் குரல்ல சொல்லலாம். "பாத்து"க்குத் தடை. அவசரத்துக்கு ஒரே வார்த்தை, "நிறுத்து." திட்டு, விமர்சனம் எல்லாம் வண்டியை ஆஃப் பண்ணிட்டு டீக்கடையில. நாற்பது நிமிஷத்துக்கு மேல ஓட்டுறதில்ல, ரெண்டு பேருக்கும் மூளை காலியாகிடும்.

முதல் ரெண்டு நாள் அவளுக்குக் கூச்சம், கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்குன்னு சிரிச்சா. மூணாவது நாள் அப்பாவே பார்க்காத ஒரு நாயை முதல்ல சொன்னா. அப்பா பதில் ஒண்ணும் சொல்லல. ஆனா டீக்கடையில அவளுக்கு ரெண்டு மெதுவடை சொன்னார்.

ஏப்ரல்ல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பும்போது அவதான் ஓட்டினா. இன்னும் எல்எல்ஆர்தான், அதனால முன் சீட்ல நான். பின்னாடி அம்மா, பக்கத்துல ஒரு கண்ணை மூடிக் கட்டின அப்பா. ஜங்ஷன் பக்கம் ஒரு டவுன் பஸ் குறுக்க மூக்கை விட்டது. "பஸ் உள்ள வருது, விடுறேன்"னு சொல்லிக்கிட்டே அவ வேகத்தைக் குறைச்சுட்டா. அதுக்குள்ள என் வலது கால் மேட்டை ஓங்கி மிதிச்சிருந்தது.

பின்னாடி இருந்து அப்பா குரல்: "என்னடா, பிரேக் பிடிக்குதா?"

காலண்டர்ல அவ எழுதி வெச்சிருக்கிற கணக்கு இப்ப 34 மணி நேரம். நைட் டிரைவிங் இன்னும் தொடங்கல, அப்பாவுக்கு அடுத்த கண்ணும் முடியணும். டெஸ்ட்டுக்கு அவசரம் இல்ல, எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும். அடுத்த வாரம் டெக் பேசுவோம் மக்களே.