பல பாஷைக் கணினிகளும் ஒரு பெட்டகமும்



பண்ருட்டி முந்திரித் தோப்புக் கிராமங்களிலிருந்தும் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிற ஒருவருடைய விவரம், சீட்டுப் பதிவு, ஆய்வகம், எக்ஸ்-ரே, மருந்தகம் என்று பல மேஜைகளுக்குப் போகவேண்டும். ஒரு மேஜையில் விண்டோஸ் கணினி. மற்றொன்றில் விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். பாபேலில் நேர்ந்ததுபோல் இவற்றின் பாஷைகள் வேறு வேறு.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 டிசம்பரில் அதை யூனிக்ஸ் கணினிக்கும் கற்றுக்கொடுக்க முற்பட்டார். அதிலிருந்து வளர்ந்ததே 'சாம்பா' எனும் இலவச மென்பொருள். ஒரு லினக்ஸ் கணினியில் இதை நிறுவினால், அது எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுப் பெட்டகமாகிறது.

ஆனால் பொதுப் பெட்டகத்துக்குப் பூட்டு அவசியம். 2017 மே 12 அன்று 'வானாகிரை' என்ற கெடுநிரல், விண்டோஸின் பழைய எஸ்.எம்.பி.யிலிருந்த ஓட்டை வழியே பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. ஓட்டையை அடைக்கும் திருத்தமோ மார்ச் மாதமே வந்திருந்தது! 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளும் இவ்விதமாய் முடங்கின. பல நாட்கள் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். வலைப்பின்னலைச் சரியாகப் பிரித்துவைக்காததே காரணம் என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. நகல் இருந்தபடியால் விவரங்கள் மீண்டன.

ஆகவே செய்யவேண்டியவை:

1. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். 'விருந்தினர்' நுழைவு கூடாது.

2. அவரவர் வேலைக்குரிய கோப்புறை மட்டும் திறக்கவேண்டும். ஒருவருடைய எச்.ஐ.வி. முடிவைக் கணக்கர் பார்க்கத் தேவையில்லை.

3. எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை நிறுத்தி, மூன்றாம் பதிப்பை மறையாக்கத்துடன் பயன்படுத்தவேண்டும். அப்போது வழியில் யாரும் படிக்கமுடியாது.

4. பெட்டகத்தின் வாசலை இணையத்துக்குத் திறக்கக்கூடாது.

5. தினமும் இரவில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும். அவ்வப்போது அதிலிருந்து கோப்புகளை மீட்டும் பார்க்கவேண்டும். சோதித்துப் பாராத நகல், எண்ணெயில்லாத தீவட்டி.

சாம்பாவுக்கு விலையில்லை, நகல் வட்டுக்கும் பராமரிப்புக்கும் செலவுண்டு. கட்டிலைப்போலவோ ஆம்புலன்ஸைப்போலவோ இது கண்ணுக்குத் தெரியாது. காணிக்கைப் பலகையில் பெயர் பொறிக்கவும் இடமிராது. ஆனாலும் காசநோயை அயலாரிடம் சொல்லக் கூசி, மருத்துவரிடம் மட்டும் சொன்ன ஒரு தாயின் நம்பிக்கையை அது காக்கிறது. மிஷன் மருத்துவமனைக்குக் கணினி கொடுக்க ஏவப்படுகிறவர்கள், அதனோடு ஒரு நகல் வட்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம். இரவில் அந்த நகலை எடுத்துவைக்கும் ஊழியரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.