மௌன இராஜதந்திரம்
மௌன இராஜதந்திரம் என்பது வெளிநாட்டு நெருக்கடிகளின்போது பகிரங்க எச்சரிக்கைகளைக் குறைத்து, தூதர்கள் வழியாக மறைவாகப் பேசித் தீர்வு காணும் முறை ஆகும். எதிர்த்தரப்பு தன் மக்கள் முன் தலைகுனியாமல் பின்வாங்க இது இடமளிக்கிறது.

1962 ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அக்டோபர் 22 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி, கியூபாவிலுள்ள சோவியத் ஏவுகணைகளை அகற்றக் கோரித் தொலைக்காட்சியில் உரையாற்றினார், கடற்தடையையும் அறிவித்தார். இது உலகறிந்த பகுதி. அக்டோபர் 27 மாலை அவரது தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் அனத்தோலி தோப்ரினினைத் தனியே சந்தித்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூப்பிட்டர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும் என்றும், இதனை வெளியிடலாகாது என்றும் கூறினார். மறுநாளே குருசேவ் இணங்கினார். 1963 ஏப்ரலில் ஜூப்பிட்டர் ஏவுகணைகள் அகற்றப்பட்டன.

அணுவாயுதப் போரைத் தவிர்த்த இம்முறையைக் குறைகூறுவது கடினம். எனினும் பின்னர் நீடித்த மௌனத்திற்கு விலை இருந்தது. துருக்கியிடம் எவரும் கலந்தாலோசிக்கவில்லை. கென்னடியின் உறுதிக்கு அஞ்சியே சோவியத் ஒன்றியம் பணிந்தது என்ற கருத்து அமெரிக்காவில் வேரூன்றியது. கென்னடியின் ஆலோசகர் தியோடர் சோரன்சன் இவ்வுடன்பாட்டை 1989 இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பின்னாளில் வியட்நாம் போரை விரிவாக்கிய லிண்டன் ஜான்சன் அப்போது துணைக் குடியரசுத் தலைவர். அவருக்கும் இது தெரிவிக்கப்படவில்லை.