பாசறைக்கு வரும் பலசரக்கு

பிரித்தானியாவில் இளைஞர் குழுக்கள் வயல்வெளியில் பாசறை அமைக்கும்போது, உணவுப் பொருட்களை ஊரிலிருந்து சுமந்து செல்லாமல் ரெஸ்கோ போன்ற சுப்பர் மார்க்கெட்டுகளிலிருந்து அங்கேயே வரவழைப்பதுண்டு. இணையத்தில் பட்டியலைக் கொடுத்து நேரத்தையும் ஒதுக்கிக்கொண்டால், கடையின் வான் கொண்டுவந்து இறக்கிவிடும்.

சிக்கல் முகவரியில்தான். கிராமப்புறத்தில் ஒரே தபாற் குறியீடு பல பண்ணைகளுக்குப் பொதுவாக இருக்கும். வயலுக்கோ வீட்டிலக்கம் இல்லை. (முகவரியில்லாத இடத்துக்கு வழி சொல்லும் கஷ்டம் நமக்குப் புதிதல்ல.) ஆகவே எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்று குறிப்பெழுதி, தொலைபேசி இலக்கமும் கொடுத்து, படலையடியில் ஒருவரை நிறுத்த வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடமென்றால் இறைச்சி, வந்த அன்றே சமைக்கும் அளவுக்கு மட்டும். மற்ற நாட்களுக்கு ரின்மீனும் பருப்பும் போதும்.

மிகக் கவனம் வேண்டியது மாற்றுப் பொருளில். கேட்ட பிஸ்கற் இல்லாவிடில் கடைக்காரர் வேறொன்றை வைத்து அனுப்புவார். கச்சான் ஒவ்வாத பிள்ளை ஒருவர் பாசறையில் இருந்தால் அது உயிராபத்து. பொதியிலடைத்த உணவில் ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களை வேறுபடுத்தி அச்சிட வேண்டுமென்பது அங்கே 2014 முதல் சட்டம். வான் நிற்கும்போதே அதை வாசித்து, ஐயமானதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாமென்று முன்கூட்டியே குறித்துவிடுவது அதைவிடப் பாதுகாப்பு.